வாளையார்ச் சாவடியும் முன்பணக் கணக்கும்

கோவையிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் போனால் மதுக்கரை, எட்டிமடை தாண்டியதும் கந்தேகவுண்டன்சாவடி வருகிறது. பேருந்து நடத்துநர்கள் வாயில் அது 'கே.ஜி. சாவடி'. அடுத்தது வாளையார், ஆற்றுக்கும் ஊருக்கும் ஒரே பெயர். சாவடி என்றால் வழிப்போக்கர் இளைப்பாறும் இடம், ஊர்ப் பொதுமண்டபம். வரி தண்டும் இடத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டு 'சுங்கச்சாவடி' பிறந்தது. கோவை நகருக்குள் திருச்சி சாலையில் இன்றும் 'சுங்கம்' என்று ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. இந்த வழியில் நடந்தவர்கள் எங்கெங்கோ நின்று பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதை ஊர்ப்பெயர்களே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நாமக்கல் முட்டையும் ஒட்டன்சத்திரம் காய்கறியும் இரவெல்லாம் இந்தச் சாலை வழியே கேரளத்துக்குள் இறங்குகின்றன. எல்லை தாண்டிச் சற்றுத் தூரத்தில் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடி. லாரி மெல்ல ஊர்ந்து கூண்டுக்கு அருகில் வருகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் விரல்நீள ஒட்டுத்தாளை மேலே பொருத்திய கருவி படிக்கிறது. தடுப்புக்கட்டை எழுகிறது. ஓட்டுநர் சட்டைப் பையைத் தொடவே இல்லை. லாரிக்காரர் நேற்றோ முந்தாநாளோ நாமக்கல்லில் உட்கார்ந்து ஃபோனில் 'ரீசார்ஜ்' செய்து வைத்த தொகையிலிருந்து கட்டணம் கழிந்துவிட்டது.

ஃபாஸ்டேக் என்று எல்லோரும் அழைக்கும் இந்த ஒட்டுத்தாள், கார்டு வடிவத்தில் இல்லாத ஒரு ப்ரீபெய்டு கார்டுதான். முதலில் பணம் போடு, பிறகு செலவழி, தீர்ந்தால் மறுபடி போடு. மெட்ரோ ரயில் கார்டு, டீசல் கார்டு, ஃபோனில் இருக்கும் வாலட் எல்லாம் இதே குடும்பம். இவற்றில் மக்கள் போட்டு வைக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. வங்கியில் போட்ட டெபாசிட் போலவும் அது ஆகாது. அப்படியானால் அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது, கணக்கு யார் கண்ணில் படுகிறது? வாளையார் வழிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

சுண்டக்காமுத்தூர் அருகே மலையடிவாரப் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 'இராசகேசரிப் பெருவழி' என்ற பெயரை வட்டெழுத்திலும் தமிழ் எழுத்திலும் அருகருகே வெட்டி வைத்திருக்கிறார்கள். முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்பது ஆய்வாளர் கருத்து. கொங்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுக்குப் போன வணிகச் சாலை இது. இருவேறு எழுத்துப் படித்தவர்களும் போய் வந்த வழி என்பதை அந்தப் பாறையைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். அதற்கும் முந்தைய சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் போகும் பெருவழியும், அங்கே 'உல்கு' என்ற சுங்கமும், அதைக் காத்து நின்ற வில்வீரரும் வருகிறார்கள். பின்னாளில் முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயரே நிலைத்தது. ஒரு வரியை நீக்கியதற்காக ஓர் அரசனை மக்கள் இத்தனை நூற்றாண்டு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த வரி அவர்களை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கோவைப் புகையிலை மலபாருக்குப் போனது இந்தக் கணவாய் வழியேதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலபாரில் புகையிலை விற்பது கம்பெனியின் தனியுரிமை. அதனால் கள்ளக்கடத்தலும் அதைத் தடுக்கும் காவலும் கணவாயில் சேர்ந்தே வளர்ந்தன. சரக்கு ஊர் ஊராக நகரும்போதெல்லாம் கட்ட வேண்டிய உள்நாட்டுச் சுங்கம் வேறு. சென்னை மாகாணத்தில் அதை ஒழித்தது 1844ஆம் ஆண்டின் ஆறாம் எண் சட்டம். ஏழே ஆண்டில், 1851ல், சாலைக்கும் பாலத்துக்கும் கட்டணம் வாங்கும் சுங்கச் சட்டம் வந்தது. சரக்கின் மீதிருந்த கை, சாலையின் மீது வந்து அமர்ந்தது.

இன்று வாளையாரைத் தமிழர்கள் எல்லை என்றே அறிவார்கள். தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்த பிறகு கேரள லாட்டரிக் கடைகளுக்காகவே அங்கே போகிறவர்களும் உண்டு. ஆனால் 1956 நவம்பர் 1 வரை அது மாநில எல்லையே அல்ல. மலபாரும் கோவையும் ஒரே சென்னை மாகாணத்தின் இரண்டு மாவட்டங்கள். வாளையார் அவற்றுக்கு நடுவே கிடந்த ஒரு காடு. இடுக்கிப் பக்கத்துக் குமுளியும் போடிமெட்டும்தான் பழைய எல்லைகள்: இந்தப் பக்கம் பிரிட்டிஷ் மதுரை மாவட்டம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1865ல் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா மூன்றும் வணிக உடன்படிக்கை செய்த பிறகுதான் அந்த எல்லைகளில் பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கத் தொல்லை குறைந்தது. மலை மேலே எல்லை இளகிய நூறாண்டுக்குள் கணவாயில் புதிதாக ஓர் எல்லை முளைத்துவிட்டது.

அந்தப் புதிய எல்லைக்கு வேலை கொடுத்தது விற்பனை வரி. 1939ல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். நாட்டிலேயே அதுதான் முதல். 1963ல் கேரளம் தனக்கென்று பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றியது. வரி மாநிலத்தின் வரி என்றானபின், எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு மூட்டையையும் பார்த்தாக வேண்டும். வாளையார்ச் சோதனைச் சாவடி வளர்ந்து பெருத்தது இப்படித்தான். வணிக வரி, மோட்டார் வாகனம், கலால், வனம், கால்நடை என்று துறைக்கொரு மேசை.

அந்தக் காலத்து லாரி ஓட்டுநரிடம் கேட்டால் இடுப்பில் கட்டிய பணத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். டீசலுக்கு, சுங்கத்துக்கு, பேட்டாவுக்கு, வழியில் நீளும் கைகளுக்கு என்று வழிச்செலவு முழுவதும் ரொக்கம். பில்லும் பர்மிட்டும் பிளாஸ்டிக் உறைக்குள், பணம் துணிப்பைக்குள், செலவுக் கணக்கு ஒரு குட்டி நோட்டில். சாவடிக்கு முன்னால் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டும். ஓணம் நெருங்கினால் காத்திருப்பு நாளாகவும் நீளும். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டிக்கடியில் துண்டு விரித்துப் படுப்பார்கள். க்ளீனர் பையன் போய் டீ வாங்கி வருவான். ஊர் திரும்பியதும் முதலாளி முன்னால் நோட்டைத் திறந்து வைத்துப் பைசா வாரியாகக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ரசீது இல்லாத செலவை முதலாளி நம்பினால் தப்பித்தார். நம்பாவிட்டால் அவர் பேட்டாவில் கழியும். எல்லையில் கையை நீட்டியவர்கள் யாரும் ரசீது கொடுத்ததில்லை.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் வணிக வரிச் சாவடிக்கு வேலை முடிந்தது. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஈ-வே பில். அந்த நீண்ட வரிசை கரைந்தது. சாலைக் கட்டணம் மட்டும் நின்றது. நான்குவழிச் சாலைக்கு ஏற்ப அது வளரவும் செய்தது.

இதே எல்லையின் தெற்குப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். இடுக்கி மலைகளில் 'முன்பணம்' என்ற சொல்லுக்கு வேறொரு நினைவு இருக்கிறது.

1877ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து மூணாற்றுக் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. தேயிலைக்குக் காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் ஆட்கள் மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தார்கள். போடிநாயக்கனூருக்கு மேற்கே கொட்டகுடி அடிவாரத்திலிருந்து டாப் ஸ்டேஷன் வரை கம்பிவட ரோப்வே ஓடியது. தேயிலைப் பெட்டி இறங்கியது, அரிசி ஏறியது. மனிதர்கள் நடந்து ஏறினார்கள். அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. அழைத்து வரும் கயிறு, முன்பணம்.

ஊரில் பஞ்சமோ கடனோ கழுத்தை நெரிக்கும் நேரத்தில் கங்காணி கையில் கொஞ்சம் பணம் வைப்பார். மலையேறிய நாள் முதல் அது கூலியில் கழியும். வாரந்தோறும் அரிசி, உப்பு, மிளகாய்க்குக் கொடுக்கும் சில்லறைக்குத் தோட்டத்தில் 'செலவு' என்றே பெயர். அதுவும் பற்றில் ஏறும். கணக்கு முடிக்கும் நாளில்தான் மிச்சம் என்ன என்று தெரியும். பலருக்கு மிச்சமே இருக்காது, கடன் அடுத்த பருவத்துக்குத் தாண்டும். புத்தகம் கங்காணியிடமும் துரை ஆபீசிலும் இருந்தது. கைநாட்டு வைத்தவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்ட யாரும் இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனால் அதைக் குற்றமாக்கிய சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ல் வந்தது, 1926ல்தான் ஒழிந்தது. திருவிதாங்கூரிலும் அதே போக்கில் சட்டம் இருந்தது.

கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களில் இதற்குத் 'துண்டு' என்று பெயர். தொழிலாளி இத்தனை ரூபாய் கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய சீட்டு. அந்தத் தொகையை அடைக்கிற தோட்டத்துக்கு ஆள் மாறுவார். ஒரு குடும்பத்தின் விலை அந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது. 1921ல் ஒரு சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இந்தியாவில் 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், கூலியை நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்க வேண்டும் என்றது. இன்று படிக்கும்போது இது சாதாரண வரியாகத் தெரியும். கூலியை அரிசியாகவும் பற்றாகவும் கழித்துக்கொண்டிருந்த காலத்தில், உழைத்தவர் கையில் காசு நேராக வந்து விழ வேண்டும் என்று சொன்ன அந்த வரிக்குப் பின்னால் பல தலைமுறைகளின் கண்ணீர் இருக்கிறது.

அங்கே முன்பணம் வாங்கியவர் கட்டுண்டார். இங்கே, ப்ரீபெய்டு கார்டில், முன்பணம் கொடுப்பவர் சாதாரண மனிதர். வாங்கி வைத்திருப்பது நிறுவனம். பணம் போகும் திசை தலைகீழாகியிருக்கிறது. கணக்குப் புத்தகம் மட்டும் இரண்டிலும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. ப்ரீபெய்டு கார்டுக்கான பாதுகாப்பு விதிகளைப் படிக்கும்போது மூணாற்றுத் தோட்டத்துப் பற்றேடு நினைவுக்கு வருவது அதனால்தான்.

லாரித் தொழிலுக்கு ப்ரீபெய்டு கார்டு முதலில் வந்தது டீசல் வழியாக. 2000களில் எண்ணெய் நிறுவனங்கள் லாரிக் கம்பெனிகளுக்கென்றே கார்டு கொடுத்தன: பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ்டிராக். திருச்செங்கோட்டிலோ சங்ககிரியிலோ இருக்கும் முதலாளி பணம் போடுவார். ஓட்டுநர் எந்த மாநிலத்துப் பங்கிலும் கார்டைத் தேய்த்து எண்ணெய் அடிக்கலாம். இடுப்பில் பெரும்பணம் சுமந்து இரவில் காட்டுவழியே ஓட்ட வேண்டிய பயம் குறைந்தது. அது சிறிய விடுதலை அல்ல. கூடவே, எங்கே எத்தனை லிட்டர் என்ற கணக்கும் ஓட்டுநரின் நோட்டிலிருந்து முதலாளியின் திரைக்குப் போனது.

சாலைக் கட்டணத்துக்கு இந்த வித்தையை முதலில் பழகியவர்கள் கடல் கடந்த தமிழர்கள். மலேசியாவில் 1997ல் டச் அண்ட் கோ கார்டு நெடுஞ்சாலைக் கூண்டுகளில் வந்தது. சிங்கப்பூரில் 1998 ஏப்ரலில் மின்னணுச் சாலைக் கட்டணம் தொடங்கியபோது, காருக்குள் பொருத்திய கருவியில் கேஷ்கார்டைச் செருகி வைத்தார்கள். இந்தியாவில் 2010ல் நந்தன் நிலேகணி தலைமையிலான குழு ஆர்.எஃப்.ஐ.டி ஒட்டுத்தாளைப் பரிந்துரைத்தது. 2014ல் ஃபாஸ்டேக் அறிமுகமானது. இரண்டு ஆண்டு அதைக் கவனித்தவர்கள் குறைவு.

பிறகு 2016 நவம்பர் 8. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்ற அந்த இரவில் நாடெங்கும் சுங்கக் கூண்டுகளில் சில்லறை இல்லாமல் வண்டிகள் தேங்கின. தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டணம் வாங்குவதையே டிசம்பர் 2 நள்ளிரவு வரை நிறுத்தி வைத்தார்கள். ரொக்கம் கைவிட்டால் சாலையே நின்றுபோகும் என்பதை அரசு கண்ணால் கண்டது. 2017 டிசம்பர் முதல் புதிய நான்குசக்கர வண்டிகள் எல்லாம் ஃபாஸ்டேக்கோடுதான் விற்பனைக்கு வந்தன. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் எல்லா வண்டிக்கும் கட்டாயம். இல்லாவிட்டால் இரட்டைக் கட்டணம். விருப்பப்பட்டு எடுக்கும் கார்டாக இருந்தது, இல்லாமல் சாலையில் போக முடியாத கார்டாயிற்று. கட்டாயம் என்று வந்த பிறகு பாதுகாப்பைப் பற்றிக் கேட்கும் உரிமை இன்னும் கூடுகிறது.

பாதுகாப்பு என்னென்ன? 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா, தீர்வு முறைகள் சட்டம் ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் கொடுத்தது. 2009ல் ப்ரீபெய்டு கருவிகளுக்கான முதல் நெறிகள் வந்தன. 2017லும் 2021லும் அவை விரிவாகத் திருத்தி எழுதப்பட்டன. அவற்றின் உயிர்நாடியான விதி இது: வங்கியல்லாத ஒரு நிறுவனம் மக்களிடம் வாங்கிய முன்பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. ஒரு வணிக வங்கியில் 'எஸ்க்ரோ' என்ற தனிக்கணக்கில் அது கிடக்க வேண்டும். எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து எவ்வளவு இருப்பு பாக்கி இருக்கிறதோ, அதற்குக் குறையாத தொகை ஒவ்வொரு நாள் முடிவிலும் அந்தக் கணக்கில் இருந்தாக வேண்டும். கங்காணியின் பற்றேட்டைப் பார்க்க எந்த அதிகாரியும் மலையேறி வரவில்லை. இங்கே ஏட்டுக்கு ஒரு காவல் இருக்கிறது.

கார்டுக்குக் குறைந்தது ஓராண்டு ஆயுள் வேண்டும். காலாவதியாகும் முன் 45 நாள் அவகாசத்தில் எச்சரிக்க வேண்டும். காலாவதியான பிறகும் மிச்சப் பணம் உடனே நிறுவனத்தின் லாபமாகிவிடாது. மூன்றாண்டுவரை வாடிக்கையாளர் கேட்டு வாங்கலாம். குறைந்தபட்ச விவரம் கொடுத்து எடுத்த கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. முழு கேஒய்சி கொடுத்தால் 2 லட்சம் வரை.

திருட்டு நடந்தால் என்ன என்பதற்கும் விதி இருக்கிறது. வங்கிகளுக்கு 2017 ஜூலையிலும், வங்கியல்லாத கார்டு நிறுவனங்களுக்கு 2019 ஜனவரியிலும் ரிசர்வ் வங்கி அதை வகுத்தது. நிறுவனத்தின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. இருவர் பக்கமும் தவறில்லாமல் மூன்றாமவர் புகுந்து எடுத்தால், செய்தி வந்த மூன்று நாளுக்குள் புகார் செய்தவருக்கு முழுத் தொகையும் திரும்பும். நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால் கார்டுகளில் அவர் ஏற்க வேண்டிய நஷ்டம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஓ.டி.பி.யை வாடிக்கையாளரே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போனது அவர் தலையில். புகாருக்குப் பிறகு போவது நிறுவனத்தின் தலையில். எல்லாவற்றையும்விட முக்கியம், தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்துடையது. அமெரிக்காவில் ப்ரீபெய்டு கார்டுக்கு இதுபோன்ற தவறு திருத்தும் விதிகள் 2019 ஏப்ரலில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்திய விதி பின்தங்கியது என்று யாரும் சொல்ல முடியாது.

பேருந்து, மெட்ரோ போன்ற போக்குவரத்துக் கார்டுகள் இதில் தனி இனம். கேஒய்சி வேண்டாம், 3,000 ரூபாய்க்கு மேல் இருப்பு கூடாது. கையில் வைத்திருப்பவருக்கே அது சொந்தம் என்பதால், நிறுவனத்தின் பக்கத் தவறைத் தவிர மற்ற நஷ்டத்துக்கு மேலே சொன்ன ஈடு அவற்றுக்குக் கிடையாது. ரயிலடியில் மெட்ரோ கார்டைத் தொலைப்பது பர்ஸைத் தொலைப்பதற்குச் சமம். அதில் நிறையப் பணம் போட்டு வைக்காமல் இருப்பதே நல்லது.

விதிகள் தாங்குமா என்று பார்க்கும் நாள் 2024 ஜனவரி 31 அன்று வந்தது. பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி விதிகளைத் தொடர்ந்து மீறியது என்று கண்ட ரிசர்வ் வங்கி, அதன் கணக்குகளிலும் வாலட்டிலும் ஃபாஸ்டேக்கிலும் புதிதாகப் பணம் போடுவதற்குத் தடை விதித்தது. பிப்ரவரி 29 என்று குறித்த கெடு பிறகு மார்ச் 15 வரை நீண்டது. நாட்டில் மிக அதிகமாக ஃபாஸ்டேக் கொடுத்திருந்த நிறுவனங்களில் அது ஒன்று. வாளையார் வழியே போன எத்தனையோ கண்ணாடிகளில் அதன் நீல எழுத்து ஒட்டியிருந்தது. போட்ட பணம் போய்விடுமோ என்ற பீதி லாரிச் சங்கங்களிலிருந்து டாக்ஸி ஸ்டாண்டுகள் வரை பரவியது.

போகவில்லை. இருந்த இருப்பைத் தீரும்வரை செலவழிக்கலாம், அல்லது கணக்கை மூடித் திரும்ப வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொன்னது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், வேறு வங்கியின் ஒட்டுத்தாளுக்கு மார்ச் 15க்குள் மாறிக்கொள்ளுங்கள் என்றது. ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக்தான் என்ற விதியும் அதே சமயத்தில் இறுகியதால், பழையதை மூடிப் புதியதை எடுக்கும் அலைச்சல் இரட்டிப்பானது. பணத்தைச் சட்டம் காத்தது. அலைச்சலிலிருந்து யாரும் காக்கவில்லை.

விதிப் புத்தகத்துக்குள் வராத ஒரு மனிதர் இதில் இருக்கிறார்: கூண்டுக்கு முன்னால் நிற்கும் ஓட்டுநர். ஃபாஸ்டேக் கணக்கு லாரி உரிமையாளர் பெயரில். பணம் கழிந்த குறுஞ்செய்தி உரிமையாளர் ஃபோனுக்குப் போகிறது. இருப்பு குறைந்ததோ, கேஒய்சி புதுப்பிக்காததால் ஒட்டுத்தாள் கறுப்புப் பட்டியலில் விழுந்ததோ ஓட்டுநருக்குத் தெரியாது. தடுப்புக்கட்டை எழாதபோதுதான் தெரியும். பின்னால் ஹாரன். கூண்டில் இருக்கும் பையன் மலையாளத்தில் ஏதோ சொல்கிறான். 'அண்ணா, பேலன்ஸ் இல்லையாம்' என்று க்ளீனர் மொழிபெயர்க்கிறான். விடிகாலை மூன்று மணிக்கு முதலாளியை எழுப்ப வேண்டும். அவர் எடுக்காவிட்டால் இரட்டைக் கட்டணம் ஓட்டுநர் பையிலிருந்து. 2025 நவம்பர் 15 முதல் ரொக்கத்துக்கு இரட்டிப்பு, யுபிஐ என்றால் ஒன்றேகால் பங்கு என்று தளர்த்தினார்கள். தண்டம் குறைந்திருக்கிறது, அதைக் கட்டும் கை மாறவில்லை.

இருப்பு தானாக நிரம்பும் வசதிக்கும் வழி திறந்திருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் வங்கிக் கணக்கிலிருந்து ஃபாஸ்டேக்குக்குப் பணம் தானே ஏற, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி நீக்கியது. பல லாரி வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல துணை. ஒற்றை லாரியை ஃபைனான்ஸில் எடுத்துத் தானே ஓட்டுகிறவருக்கு, வங்கிக் கணக்கில் மாதத் தவணைக்கு ஒதுக்கிய பணம் சுங்கத்துக்கு ஓடிவிடக்கூடும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது.

ஓட்டுநர் கையோடு கொண்டுபோக வேண்டிய விதி ஒன்று 2018 மே 7 அன்று அரசிதழில் வந்தது. ஃபாஸ்டேக் செல்லுபடியாகி, இருப்பும் போதுமான அளவு இருந்து, சுங்கச்சாவடியின் கருவி வேலை செய்யாததால் படிக்க முடியவில்லை என்றால், அந்த வண்டியைக் கட்டணம் இல்லாமல் விட வேண்டும். பூஜ்ஜியத் தொகைக்கு ஒரு ரசீதும் கொடுக்க வேண்டும். கருவியின் கோளாறுக்கு வண்டிக்காரர் தண்டம் கட்ட வேண்டியதில்லை. இந்த விதி தெரியாமல் ரொக்கம் எடுத்து நீட்டியவர்கள் ஏராளம். கழியக் கூடாத தொகை கழிந்தால் ஒட்டுத்தாள் கொடுத்த வங்கியிடம் புகார். வங்கி அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர், 2021 நவம்பரிலிருந்து ஒரே வாசலில். நெடுஞ்சாலையில் நின்றபடி கூப்பிட 1033.

சாலையே சரியில்லை என்றால் கட்டணம் எதற்கு என்ற கேள்வியும் இதே நெடுஞ்சாலையில்தான் நீதிமன்றம் ஏறியது. வாளையாரிலிருந்து கொச்சிக்கு இறங்கும் 544ஆம் எண் சாலையில் திருச்சூர் அருகே பாலியேக்கரைச் சுங்கச்சாவடி. பழுதான சாலைக்கும் நெரிசலுக்கும் நடுவில் மக்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 6 அன்று கேரள உயர் நீதிமன்றம் அங்கே வசூலை நிறுத்தியது. அதே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவில் தலையிட மறுத்தது. அக்டோபரில் வசூல் மறுபடி தொடங்கும் வரை, ஃபாஸ்டேக்கில் இருப்பு வைத்திருந்த லாரிகள் அந்தக் கூண்டைக் காசு கழியாமல் கடந்தன.

வாளையார் டீக்கடைகளில் விடிகாலையில் லாரிக்காரர்கள் இறங்குகிறார்கள். சில முதலாளிகள் இப்போது பணம் கழிந்த குறுஞ்செய்தியை வாட்ஸ்அப்பில் ஓட்டுநருக்கும் தள்ளி விடுகிறார்கள். அப்படி வந்ததை ஓட்டுநர் திறந்து பார்க்கிறார்: சாவடியின் பெயர், நேரம், தொகை, மிச்சம். எல்லாம் ஆங்கிலத்தில். எண்களை மட்டும் படித்துக்கொள்கிறார். பிறகு டாஷ்போர்டிலிருந்து அந்தப் பழைய குட்டி நோட்டை எடுத்து, பேனாவை உதறி, பாம்பாம்பள்ளம் என்று தமிழில் எழுதி, எதிரே தொகையைப் போடுகிறார்.